லாயத்தில் ஓர் அறை

பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு மாடியில்தான் என் அலுவலகம். உள்ளலங்கார வேலை. பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிகள், புது அபார்ட்மெண்டுகள். அதனால், ஊருக்கு வெளியே பாழடைந்து கிடந்த ஒரு சிறிய கோட்டையைப் பழுதுபார்த்து ஹோட்டலாக்கிக்கொண்டிருந்தவர் அதன் அறைகளை என்னிடம் ஒப்படைத்தபோது, தொழிலில் இருப்பவர்கள் பலர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. ஓர் இடத்தில் அரை நாள் சும்மா சுற்றி வந்தால் அதற்கு எது பொருந்தும் என்று எனக்குப் பிடிபட்டுவிடும்.

உரிமையாளர் கன்னடக்காரர். மனைவி அல்சூரில் வளர்ந்த தமிழர் என்பதால் தமிழும் நன்றாகப் பேசுவார். முதல் நாளே போனில் படங்களைக் காட்டினார். கண்ணாடிச் சில்லு பதித்த சுவர்கள், தொங்கும் பொம்மைகள், யானைத்தலை விளக்குகள்.

"ராஜா ரூம், ராணி ரூம், மந்திரி ரூம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தீம். கெஸ்ட்டுங்களுக்கு இதுதான் மேடம் இஷ்டம்."

"இந்தக் கோட்டையில ராணியே இருந்ததில்லையே சார். சிப்பாய்ங்க இருந்தாங்க, ராகி மூட்டை இருந்துச்சு, குதிரை இருந்துச்சு. ராஜஸ்தான் பார்க்கணும்னா ஜனங்க ராஜஸ்தானுக்கே போயிடுவாங்க. இங்க என்ன இருந்துச்சோ அதையே தீமா வெப்போம்."

ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தானியக் கிடங்கு, காவல் கோபுரம், வெடிமருந்து அறை என்று ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டவர், லாயத்தில் மட்டும் நின்றுவிட்டார். அங்கே ஜெனரேட்டர் வைக்க வேண்டுமாம்.

"லாயத்துல யார் மேடம் காசு குடுத்துப் படுப்பாங்க? பேடா" என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

நான் விடுவதாக இல்லை. மற்ற எல்லா அறைகளுக்கும் செங்குத்தான கல்படி ஏற வேண்டும். லாயம் மட்டும்தான் முற்றத்தோடு ஒரே மட்டத்தில் இருந்தது.

திரைத்துணி மாதிரிகளைக் காட்ட ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சக்கர நாற்காலியில் வந்தார். பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. துணிகளை ஒவ்வொன்றாக விரல்களில் தேய்த்துப் பார்த்தார்.

"கலரெல்லாம் நல்லாருக்குமா. ஆனா நான் எங்க பார்க்கப்போறேன்? அவரு கட்டுற ஹோட்டலை நான் போன்லதான் பார்த்திருக்கேன்."

"தூக்கிட்டுப் போறேன்னு சொன்னா வேண்டாங்கறா" என்றார் கணவர்.

"நான் என்ன மூட்டையா?"

அவர் துணி மாதிரிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். நான்தான் சொன்னேன். "லாயத்துக்குப் படியே கிடையாதும்மா. குதிரை நுழைஞ்ச வாசல். உங்க வண்டி தாராளமா நுழையும்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். துணி மாதிரிகளை அடுக்கிக்கொண்டே, "ஜெனரேட்டரைப் பின்பக்கம் வெச்சுக்கலாம்" என்றார்.

நான் செய்த அறைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த அறை. குதிரைகள் தண்ணீர் குடித்த கல்தொட்டியில் குழாய் வைத்துக் கை கழுவும் தொட்டியாக்கினேன். கடிவாளம் கட்டிய இரும்பு வளையங்களில் துண்டு தொங்கியது. கட்டிலின் தலைமாட்டில் சேணத் தோல். குளியலறையை அகலமாக்கி, வாசற்படியே இல்லாமல் தரையைச் சமமாக ஓட்டினேன்.

திறப்பு விழாவன்று காலையிலேயே அந்த அம்மா வந்துவிட்டார். தள்ள வந்த கணவரின் கையை விலக்கிவிட்டு, சக்கரத்தைத் தானே உருட்டி உள்ளே போனார். அறையை ஒரு சுற்று வந்தார். தொட்டியில் கையை நனைத்தார். கண்ணாடி முன் வந்ததும் நின்றார்.

"ரூம் ரொம்ப நல்லாருக்கு. ஆனா இதுல என் தலைக்கு மேல இருக்கிற சுவருதான் தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவை அளந்தேன், கட்டிலின் உயரத்தை அளந்தேன், இதை விட்டிருக்கிறேன். உடனே தச்சரைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொள்ள, அந்த அம்மா உத்தரவு போட்டார்.

"இன்னும் கொஞ்சம் கீழ. இன்னும். ம், இப்போ நான் தெரியறேன்."

கணவரும் பின்னால் வந்து நின்றார். அவர் முகம் தெரிய, முழங்காலில் கை ஊன்றிக் குனிய வேண்டியிருந்தது. இருவரும் அப்படியே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வயதான அப்பா அம்மாவோடு வருகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது அந்த அறையைத்தான். லாயத்தில் அறை வைத்தது தன் யோசனை என்று உரிமையாளர் எல்லோரிடமும் சொல்கிறார். நான் மறுப்பதில்லை. அவர் மனைவிதான் விடாமல் திருத்துகிறார்.