நான் போகாத பாதையில் என் டயர் தடம்

இன்று காலை மழை விட்டதும், புதூரிலிருந்து நாகலாபுரத்துக்குக் காட்டுப்பாதையில் கிளம்பினேன். நாலு சக்கரமும் இழுக்கிற கார் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கரிசல் சேற்றில் ஒரு தடவையாவது இறக்கிப் பார்க்க வேண்டாமா?

மழை பெய்தால் எங்கள் பக்கம் பாதையின் குறுக்கே உடைமுள்ளை வெட்டிப் போட்டுவிடுவார்கள். வண்டி உள்ளே வராதே என்று அர்த்தம். நான் இறங்கி முள்ளை இழுத்தேன்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

“எந்த வழியா அண்ணாச்சி திரும்பி வந்தீய? இப்பதான முள்ள எடுத்துட்டு உள்ள போனீய? நான்தான மறுபடி அடைச்சேன்.”

“நான் இப்பதான் வாரேன். அது வேற வண்டி.”

“இதே செவப்பு வண்டிதான். இதே சட்டைதான். போவாதீயன்னு கத்துதேன், சிரிச்சுக்கிட்டே கையக் காட்டிட்டுப் போனீய.”

முள்ளுக்கு அந்தப் பக்கம் புதுத் தடம். வலப்பக்கம் டயர் பட்டன் பதிந்த அச்சு ஒரு மாதிரி, இடப்பக்கம் வேறு மாதிரி. போன வாரம் டயர் வெடித்து, இடது பின் சக்கரத்துக்கு மட்டும் வேறு கம்பெனி டயர் மாட்டியிருந்தேன்.

“இந்தப் பாதை நேரா எங்க போவுது?”

“கம்மாய்க்குள்ள எறங்கித்தான் அக்கரை ஏறணும். இப்ப அது தண்ணி நெறஞ்சு கெடக்கு.”

முள்ளை நானே திரும்பப் போட்டேன். ரிவர்ஸிலும் நாலு சக்கரமும் அருமையாக இழுக்கிறது.

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். அப்படித்தான் நினைக்கிறேன். வந்ததிலிருந்து வீட்டில் யாரும் என்னிடம் பேசவில்லை. காரை அங்கே கொண்டுபோன கோபமாக இருக்கும்.

எதற்கும், இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி பதில் போடுங்கள்.