ஆறாவது முடிச்சு

கயிற்றக்காவுக்கு நான் நான்கு மாதக் கூலி பாக்கி வைத்திருந்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன், இன்று பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், இதை எழுத எனக்கென்ன கூச்சம்? அன்று என் லேத்துப் பட்டறையில் ஒரே ஒரு மெஷின். அதுவும் தவணையில்.

அக்கா ஆஸ்பத்திரித் துணி துவைத்து இடுப்பு விட்டுப்போனவர். பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனார். ஒரு கயிறு, ஆறு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. இருபது வருஷத்தில் எந்தப் பிள்ளைக்கும் முழங்கால் சிராய்த்ததில்லை.

பிள்ளை தனியாகப் போகலாமா என்று அவர் வயசைக் கேட்டு முடிவு செய்ய மாட்டார். லாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டு ஆள் ஒருவரை நிறுத்திக் கூப்பிடச் சொல்வார். பிள்ளையின் பை வாரை மட்டும் பிடித்துக்கொள்வார். பிள்ளை பாய்ந்தால் இன்னும் ஒரு வருஷம் கயிறுதான். நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் அனுப்பிவிடுவார்.

என் மகளுக்கு ஏழு வயது. இரண்டு தடவை பாய்ந்துவிட்டாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"கூலிக்காகத்தானேக்கா இழுத்தடிக்கிறீங்க?"

"குடுக்காத கூலிக்கா?" என்று சிரித்தார். "பொண்ணு கெட்டிக்காரிதான் தம்பி. உங்க குரல் கேட்டா மட்டும் கண்ணு தெரியாமப் போயிடுது."

"நான் அஞ்சு வயசுலயே தனியாப் போனவன்."

"அப்ப இந்த லாரியெல்லாம் எங்க இருந்துச்சு?"

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை என் மனைவி மகளின் சடையை இரண்டு தடவை அவிழ்த்துப் பின்னினாள். பார்த்தும் பார்க்காதது போல் இருந்தேன்.

நான்கு நாள் ஒன்றும் ஆகவில்லை. தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஐந்தாம் நாள் பள்ளி விட்ட நேரம். பட்டறை வாசலில் நின்றேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் என் மகள் தனியாக வந்து ஓரத்தில் நின்றாள். பத்தடி பின்னால் கயிற்றக்கா, ஐந்து பிள்ளைகளோடு. ஆறாவது முடிச்சு வெறுமனே தொங்கியது. உள்ளே மெஷின் ஓடிய இரைச்சலில் வளைவில் வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பெருமை தாங்காமல் கை தட்டினேன்.

"குட்டிம்மா!"

அவள் என்னை மட்டும்தான் பார்த்தாள்.

அக்கா கயிற்றைக் கீழே போட்டதை அன்றுதான் பார்த்தேன். ஐந்து பிள்ளைகளும் முடிச்சை விடாமல் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நடுவில் லாரி. அது கடந்து போகிறவரை எதிர்ப்பக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்த நீளத்துக்கு ஒரு லாரியை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

புழுதி அடங்கியது. ரோட்டோரம் அக்கா மல்லாந்து கிடந்தார், நெஞ்சின் மேல் என் மகள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அக்காவின் வலது மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

மறுநாள் மெஷின் தவணைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். வலது கையில் மாவுக்கட்டு. கயிறு ஆணியில் தொங்கியது.

"அக்கா, ஆறாவது முடிச்சு..."

"யாருக்கும் குடுக்கல தம்பி. முதல்ல பாக்கிய எண்ணி வைங்க. ஒத்தக் கையால எனக்கு எண்ண வராது."

இடது கையை விரித்து நீட்டினார். ஒவ்வொரு தாளாக, சத்தமாக எண்ணி, நான்கு மாதத்தையும் அந்த உள்ளங்கையில் வைத்தேன்.