முகப்பில் கட்டிய மாலை

வேன் ஓட்டும்போது என் கண் அடிக்கடி போவது வெப்பம் காட்டும் முள்ளுக்குத்தான். இஞ்சின் சூடேறியதும் அது நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். பிறகு நாள் முழுக்க அசையாது. உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டு, கப்பல் பட்டறை, சாப்பாட்டுக் கடை என்று அலைந்து, சில மாதங்கள் வேனுக்குள்ளேயே தூங்கியவன் நான். அவ்வளவு அமைதியாக ஒரே இடத்தில் நிற்கிற எதையும் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, லிட்டில் இந்தியாவில் நான் வேலை பார்த்த பூக்கடையிலிருந்து ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாலைகள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கல்யாண மாலை கொண்டுபோகும் வண்டிக்கும் ஒரு மாலை போடுவது கடைக்கார அக்காவின் வழக்கம். முந்தின நாள்தான் வண்டி பரிசோதனையில் தேறியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான்கு செவ்வந்தி மாலைகளை முகப்பில் நெருக்கிக் கட்டிவிட்டார்.

விரைவுச்சாலையின் இருபக்கமும் காகிதப்பூக்கள் மிதந்துபோயின. பின்னால் மல்லிகை மணம், முகத்தில் ஏர்கான் குளிர். தண்ணீருக்கடியில் போவதுபோல் இருந்தது. முள் நகர்ந்ததையும் அப்படித்தான் பார்த்தேன். நடுவைத் தாண்டி, யாரையும் எழுப்பாமல், சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஏர்கானை அணைத்தேன். முள் நிற்கவில்லை. ஹீட்டரைப் போட்டால் இஞ்சினின் சூடு உள்ளே இறங்கும். இந்த ஊரில் யாரும் தொடாத குமிழ் அது. இஞ்சின் பிழைக்கும், மல்லிகை வாடும். அதில் வைத்த கையை எடுத்துவிட்டு, அடுத்த வழியில் இறங்கி, ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினேன். பின்கதவைத் திறந்துவைத்தேன். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. ஒருமுறை திறந்து மணிக்கட்டில் தழும்பு வாங்கியிருக்கிறேன். பக்கத்துக் குப்பியில் இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் அளவுக்கோட்டில் சரியாக இருந்தது. கசிவு இல்லை. எங்கோ மேல்மாடியில் கூண்டுப் பறவை ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடி முன்னால் வந்தேன். ஓடிய வேகத்தில் செவ்வந்தி முகப்பு வலையோடு மெத்தையாக ஒட்டிக்கிடந்தது. காற்று நுழைய இடமே இல்லை.

அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். கல்யாணத்துக்குப் போகிற வழியில் மாலையை அறுப்பதா என்று தயங்கினார்.

“மல்லி எப்படி இருக்கு?”

“இன்னும் அரை மணி தாங்கும்க்கா. இப்படியே ஓட்டுனா நடு ரோட்டுல நின்னுடும்.”



“சரி, அறுத்துடு. கீழ போட்டுடாத லா. உன் கழுத்துல போட்டுக்க.”

நான்கையும் போட்டுக்கொண்டேன். முகப்பு வலையில் சிக்கிய இதழ்களை விரலால் வழித்தெடுத்தேன். சூடு தணியப் பத்து நிமிடம் காத்திருந்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு ஓட்டினேன். முள் மெல்ல இறங்கித் தன் இடத்தில் படுத்தது.

மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாப்பிள்ள உள்ள உக்காந்தாச்சே, நீங்க யாரு?”

மாலைகளை இறக்கினேன். பெண்ணின் அம்மா மல்லிகையைச் சரம்சரமாகத் தடவிப் பார்த்தார். ஒரு மொட்டும் பழுப்பேறவில்லை. கூடையோடு உள்ளே ஓடினார். பெரியவர், எதற்கும் இருக்கட்டும் என்று, என் மேலும் கொஞ்சம் தெளித்தார்.