அம்மாவை ‘அன்ரி’ என்று கூப்பிட்ட சம்பள நாள்

வெள்ளவத்தைச் சாரிக் கடையில் எனக்கு இன்று முதல் சம்பளம். வீட்டில் யாருக்கும் தெரியாது. ஓ.எல். சோதனை முடிந்த லீவில் கிருலப்பனைக்கு இங்கிலிஷ் கிளாஸ் போகிறேன் என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

"கடை கிடையெண்டு போனால் ஏ.எல். படிக்க விடமாட்டன்" என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார்.

பின்னேரம் சாரி மடித்தபடியே, பழக்கத்தில், "வாங்கோ அன்ரி, என்ன பாக்கிறீங்கள்?" என்றேன்.

நிமிர்ந்தால் அம்மா!

கூடவே அவருடைய ஒபிஸ் சிநேகிதி. அவருக்கு என்னைத் தெரியாது.

அம்மாவின் முகம் மாறவேயில்லை. "கொட்டன் சாரி காட்டுங்கோ, மிஸ்."

விரித்துக் காட்டினேன். அந்த நேரம் பார்த்து முதலாளி கவரை நீட்டினார்.

"இந்தாங்கோ பிள்ளை, முதல் சம்பளம். நேரா கொண்டுபோய் அம்மான்ர கையில குடுக்கோணும், சரியோ?"

"ஓம் முதலாளி."

அம்மா கவரையே பார்த்தார். பிறகு விலை பேசாமல் ஒரு சாரியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எங்கள் அம்மா, விலை பேசாமல்! அதுதான் பயமாக இருக்கிறது.

இப்போது போர்வைக்குள் இருந்து போனில் இந்தப் பேஸ்புக் பதிவை எழுதுகிறேன். ஹோலில் அம்மாவும் அப்பாவும் மெதுவாகக் கதைக்கிறார்கள். சண்டையென்றால் எனக்கு விளங்கியிருக்கும்.

கவர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்களெல்லாம் முதல் சம்பளத்தை என்ன சொல்லி அம்மாவிடம் கொடுத்தீர்கள்? விடிவதற்குள் சொல்லுங்கள். அப்பாவை ப்ளொக் பண்ணிவிட்டேன்.