குழல் வாயில் மண்

மருமகன் ஜேர்மன்காரன். அவனுடைய பாட்டனின் வேட்டைத் துவக்கு, பழைய துப்பாக்கி, குழல் வீங்கிக் கிடந்தது. போன கடையெல்லாம் திருத்த ஏலாது என்றார்கள். கடைசியில் மலைப்பக்கத்து ஊரொன்றில் ஒருவர் வாங்கிப் பார்த்தார். மகளும் நானும் கூடப் போயிருந்தோம்.

கடைக்குள் எண்ணெய் மணத்தது. என் தகப்பன், அப்பு, துவக்குத் துடைக்கும்போது வருகிற அதே மணம்.

வன்னியில் எங்கள் வீட்டில், வேட்டைக்குப் போகும் துவக்கைப் பெண்கள் கடக்கக்கூடாது. ஒருநாள் வாசலில் கிடந்ததை நான் தெரியாமல் கடந்துவிட்டேன். அண்ணை அதைத் தூக்கிக்கொண்டு வயல் வரம்பால் முன்னே ஓடினார். அப்பு பன்றிக்கு வெடிவைக்க, குழல் பிளந்து அவர் விரல்கள் போயின.

"பெட்டை கடந்த துவக்கு வேறென்ன செய்யும்? இனி இவள் வாசல் படலை கடக்கப்படாது," என்றார் அப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவோடு என் பள்ளிக்கூடம் நின்றது.

கடைக்காரர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். "குழல் வாயில மண் அடைச்சிருக்க வெடிவைச்சிருக்கினமாம், அம்மா. சிலது பிளந்தும் போகுமாம். இதைத் திருத்தலாமாம்."

அன்று அண்ணை முழங்காலெல்லாம் சேற்றோடு வந்து நின்றது கண்ணுக்குள் வந்தது.

நான் மகள் பக்கம் திரும்பினேன்.

"கனடாவுக்கு உன்ர மாமாவுக்குப் போன் எடு, பிள்ளை. அண்டைக்குத் துவக்கோட எங்க விழுந்தவர் எண்டு கேக்கவேணும்."