இந்தக் கப்பலுக்கு யார் சம்மாட்டி?

நான் ஓட்டும் பஸ்ஸின் கடைசித் தரிப்பிடம் எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்கே எனக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. ஆற்றைப் பார்த்தபடி ஒரு சாப்பாட்டுக் கடை, அதன் பக்கத்தில் ஒரு கொடிக்கம்பம், ஒரு ஒலிபெருக்கி. ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் போகும் பெரிய கப்பல் அந்த இடத்தைக் கடக்கும்போது, அதில் எந்த நாட்டின் கொடி பறக்கிறதோ அந்த நாட்டின் தேசிய கீதத்தைப் போட்டு வரவேற்பார்கள். கேக் தின்றுகொண்டிருக்கும் வயதானவர்கள் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கை அசைப்பார்கள். முதல் தடவை கேட்டபோது, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. பழகிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அடிக்கடி ஒலிப்பது உலகப் படத்தில் தேடிப் பிடிக்க வேண்டிய சில சின்ன நாடுகளின் கீதங்கள். ஆனால் மேல்தளத்தில் நின்று கை அசைக்கிற பையன்கள் பிலிப்பைன்ஸ், பங்களாதேஷ், சில வேளை எங்கள் நாடு. கப்பல் முதலாளிமார் வரிக்கும் சட்டத்துக்கும் வசதியான நாடாகப் பார்த்து அதன் கொடியை ஏற்றிக்கொள்கிறார்கள். தங்களுக்காக வாசிக்கப்படும் பாட்டு யாருடையது என்று அந்தப் பையன்களுக்கே தெரியாது. தெரியாமலே அவர்களும் சந்தோசமாகக் கை அசைக்கிறார்கள்.

திருகோணமலையில் பிறந்தவனுக்குக் கப்பல் புதினமில்லை. உள்துறைமுக வீதியில் எங்கள் வீடு. வெளிநாட்டுப் போர்க்கப்பல் வந்தால் பாண்டு வாத்தியம், வெள்ளைச் சீருடை, மாலை மரியாதை எல்லாம் நடக்கும். இப்போதும் நடக்கிறது. ஒரு நாடு எண்ணெய்த் தாங்கிகளைக் கேட்கிறது, இன்னொரு நாடு இறங்குதுறை கட்டித் தருகிறேன் என்கிறது, மூன்றாவது நாடு வெறும் நட்புக்காக வந்தோம் என்று போர்க்கப்பலைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. என்னோடு வேலை செய்யும் யூர்கன் என்ற சாரதி, நான் ஊரின் பெயரைச் சொன்னதும் தொலைபேசியில் படத்தை விரித்துப் பார்த்து, "அடேயப்பா, உலகத்துப் பெரிய நாடுகள் எல்லாம் இந்தத் துறைமுகத்தில் கண் வைத்திருக்கின்றனவே" என்றார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. அவ்வளவு முக்கியமான இடத்தில் பிறந்தவன் ஏன் இங்கே வந்து பஸ் ஓட்டுகிறான் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லப் போகவில்லை.

என் அக்காவின் மகன் சுதன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்கிறான். சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் ஏற்றிக்கொண்டு அவனுடைய கப்பல் திருகோணமலைக்கே வருகிறது என்றபோது வீட்டில் திருவிழாதான். அக்கா கப்பலில் இருந்த எல்லோருக்கும் சேர்த்து நண்டுக் கறி சமைத்தாள். சரக்கை இறக்கிய பிறகு கப்பல் ஊருக்கு முன்னால் உள்ள கொட்டியாரக் குடாவில் போய் நங்கூரம் போட்டது. அடுத்த கட்டளை வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. முதலாளியின் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. எண்ணெய் கொடுத்தவர்களும் சாமான் கொடுத்தவர்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கப்பல் நகரக்கூடாது, அதில் ஆள் இல்லாமலும் இருக்கக்கூடாது என்று கட்டளை வந்தது. ஊரையும் மலையையும் கண்ணால் பார்த்துக்கொண்டு என் மருமகன் ஊருக்கு முன்னால் சிறைப்பட்டுப் போனான். கப்டன் சிரியாக்காரர், எஞ்சினியர் யுக்ரேன்காரர், மற்றவர்கள் பங்களாதேஷ் பையன்கள். அவர்களுக்குக் கரையில் கால் வைக்க விசாவும் இல்லை.

இப்படிக் கைவிடப்படும் கடலோடிகளுக்காக உலக நாடுகள் கூடி எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது. நான் அதை வாசித்தேன், அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கொடி ஒரு தீவு நாட்டினது, முதலாளி இன்னொரு நாட்டில், காப்புறுதி வேறொரு நாட்டில். கொழும்பு முகவர் நிர்வாகத்தைக் கேளுங்கள் என்றார். கொடி நாடு முதலாளியைக் கேளுங்கள் என்றது. காப்புறுதிக்காரர் அந்தக் காப்புறுதி காலாவதியாகிவிட்டது என்று கையை விரித்தார். ஒவ்வொருவரும் சட்டப்படி சரியாகத்தான் பேசினார்கள், அதுதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. மாரி தொடங்க இருந்தது. வாடைக் காற்றில் கொட்டியாரக் குடா எப்படிக் கொந்தளிக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டீசல் முடிந்து எஞ்சின் நின்றால், நங்கூரம் இழுபட்டால், கப்பல் எந்தப் பாறையில் ஏறும் என்று யாருக்குத் தெரியும்? அக்காவுக்கு நித்திரை இல்லை.

"தம்பி, கப்பலை நிர்வாகம் பண்ணுற ஒபிஸ் ஹம்பேர்க்கிலயாம். நீ அங்கதானே இருக்கிறாய். போய்க் கேளன்" என்றாள்.

"போய் என்னெண்டு கேக்கிறது அக்கா?"

"சம்மாட்டியிட்டப் போற மாதிரித்தான். போய் முத்தத்தில இரு. பதில் சொல்லாம எங்க போவான்?"

அக்கா ஒருமுறை அப்படி இருந்தவள். சுதனின் தகப்பன், என் அத்தான், ஒருநாள் சம்மாட்டியின் படகில் தொழிலுக்குப் போய், வர வேண்டிய நேரத்தில் திரும்பி வரவில்லை. படகும் வலையும் சொந்தமாக உள்ளவரைத்தான் எங்கள் கரையில் சம்மாட்டி என்போம். ஆள் திரும்பி வராவிட்டால் வீட்டார் போய்ச் சம்மாட்டியின் முற்றத்தில் இருப்பார்கள். சண்டை இல்லை, ஒப்பாரியும் இல்லை. வெறுமனே இருப்பார்கள். அவர்கள் எழும்பும்வரை சம்மாட்டி வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அன்றைக்கு ஒருவரும் வலை போட மாட்டார்கள். நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் படகுகள் தேடப் போகும். தமிழனா, சோனகன் எனப்படும் முஸ்லிமா என்று ஊருக்குள் முறுகல் இருந்த காலத்திலும் இதில் மாற்றம் வந்ததில்லை. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி மிதந்த அத்தானை உயிரோடு கண்டெடுத்தது மூதூர் ஆட்கள். அவர் இன்றைக்கும் காலை நீட்டி இருந்து தொலைக்காட்சி பார்க்கிறார்.

நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். நல்ல கண்ணாடிக் கட்டடம். வாசலில் நிறையக் கம்பனிகளின் பெயர்ப்பலகைகள், அவற்றுள் எங்கள் கப்பலின் கம்பனியும் ஒன்று. மேலே போனால் ஒரு வரவேற்பு மேசை, அதன் பின்னால் ஒரு பெண். ஹொலில் இருந்த கதிரையில் போய் இருந்தேன்.

"பல் வைத்தியரிடம் வந்தீர்களா? அது எதிர்ப்பக்கம்" என்றாள்.

"இல்லை. முதலாளி வரும்வரை இருக்கிறேன்" என்றேன்.

"எந்த முதலாளி?"

கம்பனியின் பெயரைச் சொன்னேன். அவள் கணினியில் பார்த்தாள். தனக்கு அவர்களைத் தெரியாது என்றாள். நம்பாமல், என்னிடம் இருந்த அவர்களுடைய இலக்கத்துக்கு அங்கே இருந்தபடியே அழைத்தேன். அவளுடைய மேசைத் தொலைபேசி அடித்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அவள் பழக்கத்தில் அதை எடுத்து, கம்பனியின் பெயரைச் சொல்லி வணக்கமும் சொல்லிவிட்டாள். பிறகு சிவந்துபோய் வைத்தாள்.

அடுத்த நாளும் போய் இருந்தேன். கட்டட நிர்வாகி வந்து, ஆர்ப்பாட்டம் செய்வதென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். ஆர்ப்பாட்டம் இல்லை, சும்மா இருக்கிறேன் என்றேன். சும்மா இருப்பதற்கு இங்கே விதி எதுவும் இல்லைப் போலும், தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆளே இல்லாத முற்றத்தில் வந்து குந்தியிருக்கிற முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பாஸ்போர்ட் இல்லாமல் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் எனக்குத் தந்த அட்டையில், நாடு என்ற இடத்தில் தெளிவாகவில்லை என்று எழுதியிருந்தார்கள். அப்போது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் கோபிக்க ஒரு மேசை இருந்தது, மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் இருந்தார். என்னைத் திருப்பி அனுப்ப நினைத்தவருக்கும் ஒரு முகம் இருந்தது. சுதனுக்கு அதுவும் இல்லை.

வரவேற்பு மேசைப் பெண்தான் கடைசியில் கோப்பியோடு வந்து பக்கத்தில் இருந்தாள். அவளும் வாசல் பலகையில் உள்ள கம்பனிகளுக்கெல்லாம் தொலைபேசி எடுக்க வாடகைக்கு வைத்த ஆள்தான். கடலோடிகளின் சங்கம் ஒன்று துறைமுகத்தில் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்துத் தந்தாள். அவர்கள் கொழும்பில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து அலைந்ததில் பாதிக் காரியம் நடந்தது. சுதன் சொந்த நாட்டுக்காரன் என்பதால் அவன் மட்டும் இறங்கலாம். மற்றவர்கள் பதில் ஆட்கள் வரும்வரை இருக்க வேண்டும். செய்தி கேட்டதும் நான் சுதனுக்கு எடுத்தேன். அவன் குரலில் சந்தோசம் இல்லை.

"மாமா, எஞ்சின் ரூமில நானும் கிழவன் எஞ்சினியரும்தான். அவருக்குக் கண் வடிவாத் தெரியாது. நான் இறங்கினா ஜெனரேட்டரை ஆர் பாக்கிறது? தண்ணி முடிஞ்சா துறைமுகத்தோட ஆர் கதைக்கிறது?"

"அது உன்ர வேலை இல்லையடா. கொடி நாட்டுக்காரன்ர வேலை" என்று கத்தினேன்.

"அவன் எங்க மாமா? நீங்கள் கண்டனீங்களோ?"

ஆனாலும் விடவில்லை, அம்மாவை நினைத்துப் பார் என்றேன். அவன் ஓம் என்று மட்டும் சொன்னான்.

அவனைக் கூட்டிவர அக்காவே போனாள். மூதூரில் மீன்பிடிக்கும் நானா ஒருவர், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், தொழில் முடிந்து வரும் வழியில் அந்தக் கப்பலுக்குக் குடிதண்ணீர் கொடுத்து வந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவருடைய படகில்தான் அக்கா ஏறினாள். அங்கே மத்தியானம், எனக்குக் காலை. கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஆசனத்தில் இருந்தபடியே தொலைபேசியில் வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். நானா ஒரு கையால் அக்காவின் தொலைபேசியைப் பிடித்திருந்தார். துருப்பிடித்த பெரிய சுவர் போலக் கப்பல் எழும்பி நின்றது. மேலிருந்து கயிற்றேணி விழுந்தது. சுதன் இறங்கி வந்தான், மெலிந்திருந்தான்.

"பை எங்கயடா?" என்றாள் அக்கா.

அவன் வெறுங்கையோடு மேலே பார்த்தான். மேலே கம்பியோரமாகப் பங்களாதேஷ் பையன்கள் வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா நிமிர்ந்து அவர்களைப் பார்த்தாள். பிறகு படகைப் பிடித்திருந்த நானாவைப் பார்த்தாள். அத்தானுக்காகத் தான் காத்திருந்தபோது, மூதூரிலிருந்து வலையைப் போடாமல் வந்தவர்களை அவள் நினைத்திருக்க வேண்டும். அவளுடைய முகம் உடைந்து போவதை நான் பார்த்தேன். சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

"சரி. கயிறை விடச் சொல்லு. முதல்ல தண்ணிக் கானை ஏத்துவம்."

சுதன் கானை வாங்கக் குனிந்தான். அவனுடைய ஒரு கால் ஏணிப்படியில் இருந்தது, மற்றக் கால் படகின் விளிம்பில். அலை வந்து படகைக் கப்பலிலிருந்து விலக்கியது. கால்கள் அகன்றன. அக்கா அவனுடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டாள். படகு திரும்பவும் வந்து கப்பலோடு ஒட்டியது. பஸ்ஸின் கதவை யாரோ தட்டினார்கள். அப்போதுதான் கவனித்தேன், நின்றுகொண்டிருந்த பஸ்ஸின் பிரேக்கை என் கால் முழுப் பலத்தோடும் அழுத்திக்கொண்டிருந்தது.