பெரியம்மா பார்க்காத முதல் கால் மணி நேரம்

எங்கள் பெரியம்மா இருபத்தெட்டு வருடம் தியேட்டரில் வேலை பார்த்தவள். ஒரு படத்தைக்கூட முதலிலிருந்து பார்த்ததில்லை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், எனக்கு எரிச்சல்தான் வரும். வாசலில் டிக்கெட் கிழிப்பது அவள் வேலை. படம் தொடங்கிக் கால் மணி நேரம்வரை, தாமதமாக வருகிற மகராசன்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டவேண்டும். நம் ஜனங்கள் நேரத்துக்கு வந்துவிட்டால் உலகம் தலைகீழாகிவிடுமே! வேறு தியேட்டருக்குப் போய்ப் பார்க்கவும் மாட்டாள். துரோகமாம்.

முதலாளியம்மாவின் தாத்தா கட்டிய ஒற்றைத் திரை தியேட்டர் அது. அறுபது வருடத்தில் பெயின்ட் மாறியது, நாற்காலிகள் மாறின. தேக்குக் கதவும் பால்கனிக்கு ஏறும் வளைந்த படியும் மாறவில்லை. அந்தக் கதவைச் சத்தமில்லாமல் திறக்கும் வித்தை பெரியம்மாவுக்கு மட்டும்தான் கைவந்தது. இடுப்பால் லேசாக முட்டிக்கொண்டே பிடியைத் தூக்கவேண்டும்.

படத்தின் தொடக்கத்தை அவளுக்குச் சொல்வது பெரியப்பாவின் பொறுப்பு. மாடியில் படம் ஓட்டும் ஆபரேட்டர் அவர்தான். வெள்ளிக்கிழமை படம் மாறினால், சனிக்கிழமை மதியம் சாப்பிடும்போது கதை ஆரம்பமாகும். வாயைத் திறக்காத மனுஷன், அப்போது மட்டும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். நாங்களும் சாப்பாட்டை மறந்து கேட்போம்.

முட்டிவலி தாங்காமல் பெரியம்மா வேலையை விட்டபோது, "என்ன வேணும், கேளுங்க" என்றார் முதலாளியம்மா.

"ஒரே ஒரு படம், பேர் போடறதுலருந்து பாக்கணும்மா. நான் சேர்ந்த அன்னைக்கு ஓடுச்சே, அதே படம்."

எங்கெங்கோ விசாரித்துப் படச்சுருளை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் போட்டார்கள். வாசலில் முதலாளியம்மாவே நின்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் பெரியம்மா. பெரியப்பா சொல்லிச் சொல்லி, அந்தப் படத்தின் தொடக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கொட்டும் மழையில், கையில் கிளிக்கூண்டோடு, கதாநாயகி ரயிலிலிருந்து இறங்குவாள்.

திரையில் வந்ததோ ஒரு சலூன். கதாநாயகன் சவரம் செய்துகொண்டிருந்தான். மழையும் இல்லை, ரயிலும் இல்லை. மருந்துக்குக்கூட ஒரு கிளி இல்லை.

இடைவேளை விட்டதும் பெரியம்மா முட்டியைப் பிடித்தபடி மாடி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கிளி எங்கங்க?"

பெரியப்பா திருதிருவென்று விழித்தார். "முதல் சுருள் ஓடும்போது நான் எங்க திரையைப் பாத்தேன்? அடுத்த மிஷின்ல ரெண்டாவது சுருளை மாட்டவே நேரம் சரியா இருக்கும்."

"அப்ப இத்தனை வருஷமா சொன்னதெல்லாம்?"

"நீ அவ்வளவு ஆசையா கேட்டே. தெரியாதுன்னு சொல்ல மனசு வரலை."

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா ஏமாத்தியிருக்கீங்க" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இந்த வயதில் இவர்களுக்குள் சண்டையா?

பிறகு அவளே கேட்டாள். "அப்ப நீங்களும் பாத்ததில்லையா? ஒரு படத்தோட ஆரம்பம்கூடவா?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் எந்த நொடியில் இறங்கியதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள் பெரியம்மா. கால் மணி நேரம் பார்த்துவிட்டு மாடி ஏறி, பார்த்ததையெல்லாம் ஒரு வார்த்தை கூட்டாமல் பெரியப்பாவுக்குச் சொன்னாள். "என் கதையே தேவலை" என்றார் அவர். "தேவலைதான். இப்ப இதைக் கேளுங்க" என்றாள்.

அதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். மிச்சப் படத்தைப் பார்க்க அவள் கீழே இறங்குவதே இல்லை.